யார் வந்தாலும் செய்வோம்

யாராவது எனக்கு நன்றி சொன்னால் கையும் ஓடாது காலும் ஓடாது. திட்டினால் இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுக்கத் தெரியும். நன்றி சொன்னால் மட்டும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். வளர்ந்த வளர்ப்பு அப்படி. எங்கள் வலியசாலைத் தெருவில் அந்த வார்த்தையைக் கச்சேரி முடிந்து மைக்கைப் பிடிக்கிறவர்தான் சொல்லுவார், அதுவும் பாதி ஜனம் எழுந்து போன பிறகு. பக்கத்து வீட்டு மாமி தோசை மாவு கொடுத்தால் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, நாலு பச்சை மிளகாயாவது போட்டுக் கொடுக்க வேண்டும். அதோடு கணக்குத் தீர்ந்தது. வாயால் சொல்லிவிட்டால் ‘என்னடி இது, அன்னிய மனுஷியாட்டம்’ என்று சண்டைக்கு வந்துவிடுவாள்.

என் கணவர் இதில் நேர் எதிர். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தே ரிடயரானவர். யார் நன்றி சொன்னாலும் ‘யூ ஆர் வெல்கம்’ என்று பதில் போட்டாக வேண்டும் அவருக்கு. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ததும் தானாக ஒரு குறுஞ்செய்தி வருமே, அதற்கும் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் மனுஷனே கிடையாது என்று எங்கள் மகள் எடுத்துச் சொன்னாள். இருந்தாலும் மரியாதை மரியாதைதானே என்றார் இவர். இப்படி ஒரு வீடு.

எனக்கு வருஷத்தில் ஒரு நாள் நன்றி மழையாகக் கொட்டும். பொங்காலைக்கு மறுநாள்.

பொங்காலையன்று, அதாவது அம்மனுக்குப் பெண்கள் தெருவிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிற நாளன்று, எங்கள் ஊரில் தெரு என்று ஒன்று இருக்காது, எல்லாம் அடுப்புதான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பஸ்ஸிலும் ரயிலிலும் பெண்கள் வந்து இறங்குவார்கள். மூன்று செங்கல், ஒரு பானை, ஒரு கட்டுக் கொதும்பு, அதாவது காய்ந்த தென்னம்பாளை. இடம் பிடித்துச் சாக்பீஸால் பெயர் எழுதிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் கதவைச் சாத்தி வைக்கிற வீடு அன்றைக்கு ஒன்றுகூட இருக்காது. எனக்குப் புகை ஆகாது, மூச்சு முட்டும். அதனால் நான் அடுப்பு வைப்பதில்லை. தண்ணீர், மோர், பாத்ரூம், இந்த மூன்று டிபார்ட்மென்டும் என்னுடையது. இவர் மாடி அறையில் வீட்டுக் காவல். கீழே இத்தனை பெண்கள் இருக்கும்போது இறங்கி வர அவருக்குக் கூச்சம். காப்பியும் டிபனும் மேலே போகும், மோட்டார் எரிந்துவிடப் போகிறது என்ற கவலை மேலேயிருந்து கீழே வரும். நான் காதில் வாங்குவதில்லை.

கூடத்தில் ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டில் எட்டு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். எது யாருடையது என்று தெரிய நம்பரைச் சொல்லிக்கொள்வோம். அப்படித்தான் என் நம்பர் கேரளம் முழுக்கப் போயிற்று. ஊர் போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கொரு செய்தி அனுப்புவார்கள். மலையாளத்தில், தமிழில், குரலில், கூப்பின கையும் பூவுமாக. ஐம்பது அறுபது பேருக்குத் தனித்தனியாக எழுத முடியுமா? நான் ஒரு வரி தயார் பண்ணி வைத்திருந்தேன். ‘இதெல்லாம் ஒரு உதவியா? யார் வந்தாலும் செய்வோம்.’ மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. எடுத்து ஒட்ட வேண்டியது, அனுப்ப வேண்டியது. நல்ல அடக்கமான வரி என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மகள் ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஒருத்தர் தேங்க்ஸ் சொன்னா வாங்கி வச்சுக்கோயேம்மா, ஏன் வந்த பார்சலைத் திருப்பி அனுப்பறாப்ல அனுப்பறே” என்றாள். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவளுக்கு என் அடக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன்.

இனி அந்த அறுபது பேரில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வித்துராவுக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், இருக்கிறவள். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஏறிப்போன குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். ஐந்து வருஷமாக எங்கள் கேட்டுக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற இடம் அவளுடையது. முதல் வருஷம் தண்ணீர் கேட்டு வந்தாள். இரண்டாம் வருஷம் ஒரு பொட்டலம் தேயிலைத்தூளும் கொஞ்சம் குறுமிளகும் கொண்டுவந்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் வருஷத்திலிருந்து பொங்காலை உருளியை, பொங்கல் வைக்கிற அந்த வெண்கலப் பாத்திரத்தை, மலைக்கும் ஊருக்கும் தூக்குவானேன் என்று எங்கள் பரணில் போட்டுவிட்டுப் போவாள். ‘அக்கா’ என்று அவள் கூப்பிடுகிற விதத்தில் ஒரு சொந்தம் இருக்கும். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது, சொல்ல என்ன வெட்கம்.

ஐந்தாம் வருஷம் பெரிய வேண்டுதலோடு வந்தாள். ஒரே மகள் நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல இடத்தில் அமைய வேண்டும் என்று முந்தின நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம். அடுப்பு மூட்டி அரைமணி ஆகியிருக்காது. கும்ப மாதத்து வெயில் மண்டையைப் பிளக்கிறது, நாலு பக்கமும் புகை. கரண்டியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். நானும் பக்கத்து அடுப்புக்காரி ஒருத்தியுமாகத் தூக்கிக் கூடத்தில் கிடத்தி, ஃபேனைப் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை அடுப்பு. பானை பொங்கி வழியாமல் அணைந்துவிட்டால் வேண்டுதல் பாதியில் நின்ற மாதிரி. எழுந்திருக்கப் பார்த்தாள், மறுபடி சாய்ந்தாள்.

ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன். அரிசி அரை வேக்காட்டில் இருந்தது. இருமுகிறேன், ஊதுகிறேன், கண்ணில் நீர் கொட்டுகிறது, கொதும்பு அணைந்து அணைந்து பிடிக்கிறது. கடைசியில் பொங்கி வழிந்தது பாருங்கள், அதுவும் கிழக்கே பார்த்து. சுற்றியிருந்த பெண்கள் குரவையிட்டார்கள். நானும் குரவையிடப் போய் இருமலாக முடிந்தது. உள்ளேயிருந்து அவள் கேட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள். வெல்லமும் தேங்காயும் ஏலமும் போட்டு, அடி லேசாகப் பிடித்தாலும் கிண்டிக் கிண்டி இறக்கிவிட்டேன். ராத்திரி இன்ஹேலரோடு உட்கார்ந்திருந்ததை அவளிடம் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

மத்தியானம் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துப் போனதும் அவள் தள்ளாடிக்கொண்டு எழுந்து வந்தாள். முதல் கரண்டியை வாழையிலைக் கீற்றில் எடுத்து இரண்டு கையாலும் எனக்கு நீட்டினாள். நான் சொன்னேன், “எனக்கு ஷுகர் உண்டும்மா. நீ எடுத்துண்டு போ, ஆத்துல எல்லாருக்கும் ஆகும்.” அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கீற்றிலிருந்ததைத் திரும்பவும் உருளியிலேயே வழித்துப் போட்டு மூடினாள்.

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. முழுசாக நாலு நிமிஷம். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, வெளிநாட்டில், நல்ல ஆஸ்பத்திரியில். தன் அம்மா உயிரோடு இருந்தால்கூட அந்தப் புகையில் உட்கார்ந்திருக்க மாட்டாள், எல்லாம் நீங்கள் கிண்டி இறக்கின பொங்கல்தான் அக்கா என்று சொல்லி, நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி பேசினாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.  மறுபடி போட்டுக் கேட்டேன். நாலு தடவை கேட்டேன். அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? எடுத்து ஒட்டி அனுப்பினேன், ‘இதெல்லாம் ஒரு உதவியா? யார் வந்தாலும் செய்வோம்.’ இரண்டு நீலக் குறி விழுந்தது, பார்த்துவிட்டாள். அதோடு சரி. ஓணத்துக்கு ஒரு வாழ்த்து இல்லை, தீபாவளிக்கு ஒன்று இல்லை. மகளோடு வெளிநாடு போயிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பொங்காலை வந்தது. முந்தின நாள் காலையிலேயே அவள் இடத்தில் மூன்று செங்கலை வைத்து, பரணிலிருந்து உருளியை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். கொல்லத்திலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், ஆள் உண்டு என்றேன். மதுரையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள், அவர்களிடமும் ஆள் உண்டு என்றேன். இல்லாத ஆளுக்கு இடம் பிடித்து நான் போட்ட சண்டையை மாடி ஜன்னலிலிருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தும் அவள் வரவில்லை. போன் பண்ணலாம்தான். ஐந்து வருஷமாக வருகிறவள் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டாளே என்ற ரோஷம் என்னை விடவில்லை. ஒன்பது மணிக்கு அந்த இடத்தை யாரோ ஒரு பாட்டிக்குக் கொடுத்துவிட்டு, மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பினேன். மகள் டம்ளர்களோடு பின்னால் வந்தாள். எங்கள் மோர் எங்கள் தெருவைத் தாண்டிப் போனதில்லை. எங்கே போகிறோம் என்று மகள் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

கிள்ளிப்பாலம் திரும்புகிற இடத்தில், ஷட்டர் இறக்கின ஒரு கடை வாசலில், நிழல் என்று மருந்துக்கும் இல்லாத இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். புது உருளி. லேபிள்கூட முழுசாகக் கிழிபடவில்லை. பாத்திரத்தைக் கேட்டுக்கொண்டுகூட எங்கள் வாசலுக்கு அவள் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சுகம்தானே என்று விசாரித்தாள், இவரை விசாரித்தாள், என் மூச்சு முட்டலை விசாரித்தாள். மகள் போய் ஆறு மாதமாகிறது, நன்றாக இருக்கிறாள் என்றாள். எல்லாம் மரியாதை. அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. நம்ம இடம் இருக்கும்போது இங்கே வந்து ஏன் வெந்துகொண்டிருக்கிறாய் என்று பட்டென்று கேட்டுவிட்டேன்.

அவள் மூட்டாத அடுப்பில் கொதும்பை அடுக்கிக்கொண்டே சொன்னாள், “யாரு வந்தாலும் செய்வோம்னு எழுதியிருந்தீங்க அக்கா. சரிதானே. நான் யாரோ ஒருத்திதானே. யாரோ ஒருத்திக்கு எங்க அடுப்பு வச்சா என்ன?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் முறுக்கிக்கொள்வதா? மரியாதைக்கு எழுதினது அது, எல்லாருக்கும் அதைத்தான் எழுதுவேன் என்று படபடத்தேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, எல்லாருக்கும் அதைத்தான் எழுதுவேன் என்று நான் சொன்னது. மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

அடுப்பு முன்னால் இருந்தவளுக்குக் கோபமே வரவில்லை. லேசாகச் சிரித்தாள். “காப்பிக்கு ரெண்டு ஸ்பூன் சக்கர போடுவீங்க, நான் பாத்திருக்கேன். எங்க கைச் சோறு ஒங்க வீட்ல எடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், அதுல சங்கடமில்ல. அது இருக்கதுதான். ஆனா அன்னைக்கு அது எங்க கையில்லயே அக்கா. கிண்டினது நீங்கதானே?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இல்லையடி, அதற்காக இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்காக இல்லையென்றால் வேறு எதற்காக? எங்கள் வீட்டில் இப்படி ஒரு சட்டத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தேயிலைத்தூளை வாங்கும் கை, சோற்றுக்கு மட்டும் தானாகப் பின்னால் போகும். சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டலில் போய் மசால் தோசை தின்கிறோம், மழை பெய்தால் போனில் சொல்லி வரவழைத்துத் தின்கிறோம். யார் வீட்டுக் கை, எந்த ஊர்க் கை என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? எனக்கு நன்றி சொல்ல இரண்டு கையாலும் நீட்டினாளே, அந்தக் கைக்கு மட்டும் எனக்கு வியாதி வந்துவிட்டது. அதற்கு மேல் அடக்கம் என்று ஒரு பெயர் வேறு. வெட்கமாக இருந்தது. 

மோர் வாளியை மகளிடம் கொடுத்து நீ போய் எல்லாருக்கும் ஊற்று என்றேன். அவள் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனாள். நான் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தேன்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது, எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் பற்றியது. புகை ஆகாதே, எழுந்து போங்க என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். நான் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு இருக்கிறேன் என்றேன். அப்புறம் ஒரு மணி நேரம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாயாடி என்று பேர் எடுத்த நான் ஒரு மணி நேரம் பேசாமலிருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. பானை பொங்கின பிறகுதான் சொன்னேன், அவள் அனுப்பினதை நாலு தடவை கேட்டேன், கேட்டு அழுதேன், அழுதேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை, அதனால் தெரிந்த வரியை அனுப்பிவிட்டேன் என்று.  அவள் ஒரு கொதும்பை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். நான் எடுத்துக் குடித்தேன்.

எங்கள் தெரு மாமி ஒருத்தி அந்த வழியாக வந்தாள். ‘என்ன இது, ஆத்தை விட்டுட்டு இங்க வந்து உக்காந்துண்டிருக்கேள்’ என்று நின்றாள். பொங்கலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். மாமி அடுப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். பயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

இரண்டரை மணிக்குத் தீர்த்தம் தெளித்தார்கள். பக்கத்து அடுப்புக்காரிகள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அவள் மூடியைத் திறந்து நெய் விட்டாள், ஒரு கிளறு கிளறினாள், மறுபடி மூடினாள். எனக்குக் கொடுப்பாளா மாட்டாளா என்று தெரியவில்லை. கேட்காமல் கொடுக்க அவளுக்கு இனிமேல் மனசு வராது, ஒரு தடவை திரும்பி வந்த கை அது. கேட்க வேண்டியது நான்தான்.

“எனக்குக் கொஞ்சம் குடும்மா” என்றேன்.

அவள் உடனே எடுக்கவில்லை. ஷுகருக்கு ஆகுமா அக்கா என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று புகையில் தெரியவில்லை. ஆகும் என்றேன். இலைக் கீற்றை என் கையில் வைத்து ஒரு கரண்டி போட்டாள். கொதிக்கக் கொதிக்க எடுத்து வாயில் போட்டேன். விரல் சுட்டது, நாக்கும் சுட்டது. வெல்லம் ஒரு கை கூடத்தான் போட்டிருந்தாள், மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் போட்டிருப்பாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூட நேரமில்லாமல் தின்றேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்கு ஊட்டிவிட்டுப் பார்க்கிற மாதிரி.

இலை காலியானதும், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அக்கா என்று கேட்டாள்.

போதும், போதும், உனக்கு வேண்டாமா, வீட்டுக்குக் கொண்டு போ என்று எல்லாம் வரிசையாக என் தொண்டைக்கு வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு இலையை நீட்டினேன்.

“நிறையவே போடு” என்றேன்.